கணினிக் கேள்வி – பதில்: களஞ்சியத்தை மாற்றுவதா, விடுவதா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூலநிரலையும் கோப்புகளையும் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் முறைகளைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சப்வேர்ஷன், கிற் என்பவை அத்தகைய இரண்டு முறைகள்; சேமித்த கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் இடமே களஞ்சியம்.

கேள்வி: பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பலசரக்குக் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்கிறோம். ஒன்பது பேர். 2010 இலிருந்து எல்லாம் சப்வேர்ஷனில், கந்தோரிலேயே உள்ள ஒரு சேர்வரில் இருக்கிறது. ஏறத்தாழ 6,000 ரிவிஷன்கள் (பதிந்த மாற்றங்கள்). புதிதாக வந்தவர்கள் ‘எல்லாரும் கிற்தான் பாவிக்கிறார்கள், மாறுவோம்’ என்கிறார்கள். மூத்தவர்கள் ‘ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துவான்’ என்கிறார்கள். எது சரி?
— வாசகர், கொக்குவில்

பதில்: நீங்கள் மாறுவது நல்லது. ஆனால் ‘எல்லாரும் பாவிக்கிறார்கள்’ என்பது தனியே ஒரு காரணமாகாது. கைபேசிகளுக்குள் எல்லாம் இருக்கும் எஸ்கியூலைற் தரவுத்தளத்தின் மூலநிரல் இன்றும் ஃபொசில் என்ற வேறொரு முறையில்தான் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி இயங்குதளக்காரர் சப்வேர்ஷனுக்கும் முந்திய சிவிஎஸ்ஸை இன்னும் விடவில்லை. இரண்டு இடத்திலும் வேலை ஒழுங்காக நடக்கிறது. ஆகவே உங்கள் கந்தோரில் எது நோகிறது என்று முதலில் பாருங்கள்.

பில் மென்பொருள் செய்பவருக்கு நோகும் இடம் கிளைகள்தான், அதாவது ஒரே நிரலை ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கொண்டுபோகும் பிரிவுகள்தான். 2024 ஜனவரி 1 இல் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பு பாதியில் நிற்கும். கடைகளில் ஓடும் பதிப்பை உடனே திருத்தி அனுப்பவேண்டும். பிறகு அதே திருத்தம் புதிய பதிப்புக்குள்ளும் போகவேண்டும். சப்வேர்ஷனில் கிளை பிரிப்பது சுலபம், திரும்ப மேர்ஜ் செய்வதுதான் (ஒன்றாகச் சேர்ப்பதுதான்) பாடு. எது ஏற்கெனவே மேர்ஜ் ஆனது என்பதை 2008 இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து அது குறித்துவைக்கிறது என்பது உண்மை. ஆனாலும் ஒரு கிளையில் கோப்பின் பெயரை மாற்றி, மற்றக் கிளையில் அதே கோப்பைத் திருத்தினால் ‘ட்ரீ கொன்ஃபிளிக்ற்’ என்று நின்றுவிடும். ஆள் இருந்து கையால் தீர்க்கவேண்டும். கிற் பெயர் மாற்றத்தைப் பதிவதே இல்லை. மேர்ஜ் செய்யும்போது இரண்டு கோப்புகளின் உள்ளடக்கம் பாதிக்குமேல் ஒத்திருந்தால் இது அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். பெயரையும் மாற்றி உள்ளேயும் பெரும்பகுதியைத் திருப்பி எழுதினால் கிற்றும் தவறவிடும். அதனால் பெயர் மாற்றத்தைத் தனி கொமிற்றாக, அதாவது தனிப் பதிவாகப் போடும் பழக்கம் வேண்டும்.

அடுத்தது, சேர்வர் இல்லாமல் வேலை செய்வது. சப்வேர்ஷனில் பழைய பதிவுகளைப் பார்ப்பதற்கும், ஒரு வரியை யார் எப்போது எழுதினார் என்று அறிவதற்கும், கொமிற் செய்வதற்கும் சேர்வர் வேண்டும். உங்கள் ஆள் வாடிக்கையாளரின் கடையில் நின்று திருத்தும்போதோ, கந்தோரில் மின்சாரம் நின்று சேர்வர் படுத்தபோதோ அது கிடையாது. கிற்றில் முழு வரலாறும் ஒவ்வொருவர் மடிக்கணினியிலும் இருக்கும்.

சுற்றியுள்ள கருவிகளும் கைவிட்டுக்கொண்டு போகின்றன. கிற் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிற்ஹப் தன் களஞ்சியங்களைச் சப்வேர்ஷன் வழியாகப் பாவிக்க விட்டிருந்த வசதியை 2024 ஜனவரி 8 இல் நிறுத்திவிட்டது. நிரல் மீளாய்வு, தானியங்கிச் சோதனை என்று புதிதாக வரும் எதுவும் கிற்றை வைத்துத்தான் வருகிறது.

மூத்தவர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. கிற்றில் ஒரு களஞ்சியத்துக்குள் ‘இந்த அடைவை இவர் பார்க்கக்கூடாது’ என்று தடுக்க முடியாது. குளோன் செய்தவருக்கு, அதாவது களஞ்சியத்தின் முழுப் பிரதியை எடுத்தவருக்கு, எல்லாம் தெரியும். அப்படி மறைக்கவேண்டிய பகுதி இருந்தால் அதைத் தனிக் களஞ்சியமாகப் பிரிக்கவேண்டும். 4312, 4313 என்று ஏறிக்கொண்டு போகும் ரிவிஷன் எண்ணும் இல்லாமற்போகும். இரண்டு மூன்று கிழமைக்கு எல்லாருடைய வேகமும் குறையும். ஆகவே அடுத்த மாதம் பெரிய வெளியீடு இருந்தால் அது முடியட்டும். சேர்வரையும், பிழைப் பதிவு முறையையும், களஞ்சியத்தையும் ஒரே நேரத்தில் மாற்றவேண்டாம். ஏதாவது பிழைத்தால் எதனால் பிழைத்தது என்றே தெரியாது.

ஒருவர் இருவர் மட்டும் வருடத்துக்கு நாலைந்து திருத்தம் செய்யும் பழைய மென்பொருள் என்றால் எங்கள் பதில் வேறு: அதை அப்படியே விடுங்கள். சப்வேர்ஷன் இன்னும் அப்பாச்சியின் கீழ் பராமரிக்கப்படுகிறது.

கேள்வி: சப்வேர்ஷனிலிருந்து கிற்றுக்கு மாறத் தீர்மானித்துவிட்டோம். பழைய வரலாறு முழுவதையும் கொண்டுபோகவேண்டுமா, இன்றைய நிரலை மட்டும் புதிதாகப் போட்டால் போதுமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கொண்டுபோங்கள். ஐந்து வருடத்துக்கு முன் ஒருவர் சதத்தை முழு ரூபாயாக்கும் வரியை ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு அந்த கொமிற் செய்தி ஒன்றுதான் சாட்சி.

முதலில் ‘எஸ்விஎன்அட்மின் வெரிஃபை’ ஓடவிடுங்கள் (எஸ்விஎன் என்பது சப்வேர்ஷனின் சுருக்கம்). பழைய வன்தட்டில் ஏதாவது ரிவிஷன் பழுதாகியிருந்தால் இப்போதே தெரியவேண்டும். பிறகு ‘ஹொட்கொப்பி’ எடுத்து, அந்தப் பிரதியை ஒரு லினக்ஸ் கணினியில் வைத்து, வலையமைப்பு வழியாக அல்லாமல் நேரே வட்டிலிருந்து மாற்றுங்கள். ‘கிற் எஸ்விஎன்’ என்ற மாற்றும் கருவி ஒவ்வொரு ரிவிஷனாக எடுப்பதால் வலையமைப்பில் ஓடினால் இழுபடும். விண்டோஸில் இன்னும் மெதுவாகும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தால் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் இருந்தால் விண்டோஸில் ஒன்றை ஒன்று விழுங்கியும் விடும்.

அடுத்தது ஆட்களின் பட்டியல். ‘எஸ்விஎன் லொக்’ கட்டளையை ‘குவையற்’ தெரிவோடு ஓடவிட்டு, கொமிற் செய்த எல்லாப் பயனர் பெயரையும் பொறுக்கி எடுங்கள். ஒரு வரிக்கு ஒருவராக, இடப்பக்கம் பழைய பெயர், சமன் குறி, வலப்பக்கம் முழுப்பெயரும் கோணக் குறிகளுக்குள் மின்னஞ்சலும். வேலையை விட்டுப்போனவர்களையும் விடக்கூடாது. ஒரு பெயர் குறைந்தாலும் மாற்றம் அந்த ரிவிஷனில் நின்றுவிடும். கொமிற் செய்தவர் பெயரே பதியப்படாத ரிவிஷன்களும் இருக்கலாம். அவற்றுக்கு ‘நோ ஓதர்’ என்று அடைப்புக்குறிக்குள் இட்டு ஒரு வரி சேர்க்கவேண்டும்.

ட்ரங்க் (பிரதான நிரல்), பிராஞ்சஸ் (கிளைகள்), ராக்ஸ் (வெளியிட்ட பதிப்புகளின் அடையாளங்கள்) என்ற மூன்று அடைவுகளும் ஆரம்பத்திலிருந்தே இருந்தால் ‘கிற் எஸ்விஎன் குளோன்’ கட்டளைக்கு ‘எஸ்ரிடிலேஅவுற்’ தெரிவைக் கொடுத்தால் போதும். முதல் ஓரிரு வருடம் எல்லாவற்றையும் வேரிலேயே போட்டுவிட்டுப் பிறகுதான் ட்ரங்க் அடைவை உண்டாக்கியிருந்தால், அந்த முற்பகுதி வரலாறு கழன்றுவிடும். அப்போது விதிக்கோப்பு எழுதி ஓடவிடும் ‘எஸ்விஎன் ஓல் ஃபாஸ்ற் எக்ஸ்போர்ற்’ உதவும். கேடிஈ திட்டத்தார் செய்த கருவி அது. இன்னும் சிக்கலென்றால் ரிபோசேர்ஜன் என்ற மாற்றும் கருவி இருக்கிறது. ஜிசிசி கொம்பைலர் 2020 ஜனவரியில் கிற்றுக்கு மாறியது அதனால்தான். உங்கள் அளவுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

பழைய ரிவிஷன் எண்ணை கொமிற் செய்தியிலிருந்து அகற்றும் ‘நோ மெற்றாடேற்றா’ தெரிவைப் பல வழிகாட்டிகள் சொல்லும். போடாதீர்கள். பிழைப் பதிவுகளிலும் மின்னஞ்சல்களிலும் ‘4312 இல் திருத்தியாயிற்று’ என்று எழுதிவைத்திருப்பீர்கள். செய்தியின் அடியில் அந்த எண் இருந்தால் ‘கிற் லொக்’ கட்டளையில் ‘கிறெப்’ தெரிவு கொடுத்து நொடியில் தேடலாம். அந்த ஒரு வரி அழகைக் கெடுப்பதை விட வேறு நட்டம் இல்லை.

மாற்றம் முடிந்ததும் ராக்குகள் எல்லாம் கிளைகளாக நிற்கும். சப்வேர்ஷனில் ராக் என்பதும் ஓர் அடைவுப் பிரதிதான், அதற்குள்ளும் யாராவது கொமிற் செய்திருக்கலாம் என்பதால் கருவி அப்படிச் செய்கிறது. ஒவ்வொன்றையும் உண்மையான கிற் ராக்காக மாற்றி, அந்தத் தற்காலிகக் கிளையை அழியுங்கள். வெற்று அடைவுகளைக் கிற் வைத்திராது. ‘லொக்ஸ்’, ‘ரிப்போர்ற்ஸ்’ போன்ற அடைவு இல்லாவிட்டால் மென்பொருள் தொடங்கும்போதே விழும் என்றால் அதற்குள் ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவையுங்கள்.

இனி எடையைப் பாருங்கள். எப்போதோ தவறுதலாகப் போட்ட தரவுத்தள நகல், இன்ஸ்ரோலர் போன்றவை சப்வேர்ஷனில் சேர்வரில்தான் கிடந்தன. கிற்றில் ஒவ்வொருவர் கணினிக்கும் வரும். ‘கிற் ஃபில்ற்றர் ரிபோ’ கருவியால் 20 எம்.பி.க்கு மேற்பட்டவற்றை வரலாற்றிலிருந்தே களையலாம். கிற்ஹப் 100 எம்.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. தரவுத்தளக் கடவுச்சொற்கள் நிரலுக்குள் இருந்தால் அவற்றையும் இதே கருவியால் அகற்றி, சேர்வரிலும் புதிதாக மாற்றிவிடுங்கள். இந்த வேலை முழுவதும் யாருக்கும் குளோன் கொடுக்கமுன் முடியவேண்டும். களைந்த இடத்திலிருந்து பின்னால் உள்ள எல்லா கொமிற் அடையாளங்களும் மாறிவிடும் என்பதால், ஒருவர் பழைய குளோனிலிருந்து புஷ் செய்தாலே (சேர்வருக்கு அனுப்பினாலே) களைந்ததெல்லாம் திரும்பி வந்துவிடும்.

முதல் நாளே ‘கிற்அற்றிபியூற்ஸ்’ கோப்பைப் போட்டு, வரிமுடிவு முறையைத் தீர்மானியுங்கள். ‘ரெக்ஸ்ற் ஓற்றோ’ பொதுவாகச் சரிவரும். பாற்ச் கோப்புகளுக்கு விண்டோஸ் முறை, ஷெல் கோப்புகளுக்கு லினக்ஸ் முறை என்று தனியே எழுதுங்கள். இதை விட்டால் ஒருநாள் ஒருவர் ஒரு வரியைத் திருத்த, 2,000 வரியும் மாறியதாகக் காட்டும்; அதன்பின் எந்த வரியை யார் எழுதியது என்று பார்த்தால் அவர் பெயர்தான் வரும்.

பதிப்பு எண்ணை இங்கே பலர் மறந்துவிடுகிறார்கள். மென்பொருளின் எண்ணில் சப்வேர்ஷன் ரிவிஷனைச் சேர்த்து 3.2.6041 என்று வெளியிட்டிருந்தால், கிற்றில் கொமிற்றுகளை எண்ணிப் போடும் எண் அதைவிடச் சிறிதாக வரும். சப்வேர்ஷன் எல்லாக் கிளைகளையும் சேர்த்து எண்ணியது. கிற்றில் பிரதான கிளையிலிருந்து எட்டக்கூடியவை மட்டுமே எண்ணப்படும். கடையில் உள்ள தானியங்கிப் புதுப்பிப்பான் ‘புதியது பழையதைவிடச் சிறியது’ என்று ஏற்க மறுக்கும். மாறும் அன்றே 3.3 என்று நடு எண்ணை உயர்த்திவிடுங்கள்.

இவ்வளவையும் ஒரு ஸ்கிரிப்ற்றில் எழுதி, குறைந்தது இரண்டு தடவை ஒத்திகை பாருங்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாரும் கொமிற் செய்து முடித்ததும் சப்வேர்ஷனை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி, அதே ஸ்கிரிப்ற்றை ஓடவிடுங்கள். சரிபார்ப்பதற்கு ட்ரங்கை ‘எக்ஸ்போர்ற்’ செய்து, கிற்றில் எடுத்த அடைவோடு ‘டிஃப்’ போடுங்கள். எக்ஸ்போர்ற்றில் ‘இக்னோர் கீவேர்ட்ஸ்’ தெரிவைச் சேர்க்காவிட்டால் தேதியும் பெயரும் தானாக நிரப்பப்பட்ட வரிகள் எல்லாம் வித்தியாசமாகக் காட்டும். கடைகளில் இன்று ஓடும் ஒவ்வொரு ராக்கையும் இப்படியே ஒப்பிடுங்கள். திங்கட்கிழமை காலையில் தங்கள் கணினியில் உள்ள பழைய சப்வேர்ஷன் பிரதிகளை எல்லாரும் அழித்துவிட்டுக் கிற்றிலிருந்து புதிதாகக் குளோன் செய்யட்டும். சப்வேர்ஷன் சேர்வரை அழிக்கவேண்டாம், பூட்டிய நிலையில் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: கிற்றுக்கு மாறி இரண்டு மாதம். ஒருவருடைய நான்கு நாள் வேலை வன்தட்டோடு போய்விட்டது. இன்னொருவர் கணினியில் மின்வெட்டுக்குப் பிறகு ‘ஒப்ஜெக்ற் ஃபைல் இஸ் எம்ரி’ என்று வருகிறது. மாறியது பிழையா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: மாறியது பிழையல்ல; பழைய பழக்கம் கூடவே வந்துவிட்டது. சப்வேர்ஷனில் கொமிற் என்றால் சேர்வருக்குப் போய்விட்டது என்று பொருள். கிற்றில் கொமிற் உங்கள் வன்தட்டோடு நிற்கும், புஷ் செய்தால்தான் போகும். வீட்டுக்குப் போகமுன் ஒவ்வொருவரும் தன் கிளையைப் புஷ் செய்யவேண்டும், முடியாத வேலையாக இருந்தாலும். தனிக் கிளை என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சேர்வரில் ‘டினை நொன் ஃபாஸ்ற் ஃபோர்வேர்ட்ஸ்’ அமைப்பை இயக்கி வைத்தால் ஒருவர் ஃபோர்ஸ் புஷ் செய்து மற்றவரின் வேலையை மேவுவதும் நிற்கும்.

மின்வெட்டுச் சிக்கல் யு.பி.எஸ். இல்லாத கணினிகளில் வருவது. வேகத்துக்காகக் கிற் சிறு கோப்புகளை வட்டில் உறுதியாக எழுதியாயிற்றா என்று காத்திராமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். மின்சாரம் அந்த இடைவெளியில் நின்றால் பூச்சிய அளவில் கோப்பு மிஞ்சும். 2022 இல் வந்த 2.36 பதிப்பிலிருந்து ‘கோர் எஃப்சிங்க்’ என்ற அமைப்பு உண்டு. அதற்கு ‘ஓல்’ என்று கொடுங்கள். கொமிற் சற்று மெதுவாகும், அவ்வளவுதான். இப்போது பழுதானதைத் திருத்த, ‘டொற் கிற்’ அடைவை வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்துவிட்டு, வெற்று ஒப்ஜெக்ற் கோப்புகளை அழித்து, சேர்வரிலிருந்து ஃபெச் செய்யுங்கள் (திரும்ப எடுங்கள்). புஷ் செய்திருந்ததெல்லாம் திரும்பும். அதுவும் சரிவராவிட்டால் புதிதாகக் குளோன் செய்து, திருத்திய கோப்புகளை மேலே போடுங்கள்.

களஞ்சியத்தைக் கூகிள் றைவ் போன்று தானாக ஒத்திசைக்கும் அடைவுக்குள் வைக்கும் வழக்கமும் இருந்தால் நிறுத்துங்கள். இரண்டு கணினியிலிருந்து ஒரே நேரத்தில் ஒத்திசைத்தால் கிளைகளின் சுட்டிகள் குழம்பிவிடும்.

கேள்வி: அச்சகம் நடத்துகிறோம். 31ஆம் நாள் நினைவு மலர்கள், அழைப்பிதழ்கள், பாடசாலைச் சஞ்சிகைகள். இன்டிசைன், ஃபொற்றோஷொப் கோப்புகள் சப்வேர்ஷனில் இருக்கின்றன. கணினி படித்த மகன் கிற்றுக்கு மாற்றச் சொல்கிறார்.
— வாசகர், ஸ்ரான்லி வீதி

பதில்: வேண்டாம். உங்களுக்குச் சப்வேர்ஷன்தான் பொருத்தம். ஒரு 300 எம்.பி. ஃபொற்றோஷொப் கோப்பைப் பத்துத் தடவை சேமித்தால் கிற்றில் குளோன் செய்யும் ஒவ்வொருவரும் பத்தையும் சுமக்கவேண்டும். சப்வேர்ஷனில் கடைசி நிலை மட்டுமே கணினிக்கு வரும். பக்கத்திலேயே மறைவாக ஒரு மூலப்பிரதியும் இருப்பதால் வட்டில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இன்னும் முக்கியம், இந்தக் கோப்புகளை மேர்ஜ் செய்ய முடியாது. இருவர் ஒரே மலரைத் திறந்து வேலை செய்தால் ஒருவருடையது வீண். ‘நீட்ஸ் லொக்’ பண்பைக் கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டால், பூட்டு எடுக்கும்வரை கோப்பு வாசிப்புக்கு மட்டுமே திறக்கும். 1.8 பதிப்பிலிருந்து வேர் அடைவில் ‘ஓற்றோ புரொப்ஸ்’ எழுதிவைத்தால் புதிய கோப்புகளுக்கு அது தானாக வந்துசேரும். பூட்டை எடுத்தவர் லீவில் போய்விட்டால் வேறொருவர் அதை உடைக்கலாம். அவருக்குச் சொல்லிவிட்டு உடைக்கட்டும்.

சப்வேர்ஷனில் போட்டதை அழித்தாலும் சேர்வரில் இடம் குறையாது. வருடத்துக்கு ஒரு புதிய களஞ்சியம் தொடங்கி, பழையதை வெளி வன்தட்டில் ஏற்றி அச்சகத்துக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.

கேள்வி: 2014 இல் தொடங்கிய எங்கள் திட்டம் மேர்க்கூரியலில் இருக்கிறது. மாற்றவேண்டுமா?
— மாணவர், பருத்தித்துறை

பதில்: கிற் போன்ற இன்னொரு முறையான மேர்க்கூரியல் நல்ல கருவி, இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் பிற்பக்கற் 2020 இல் அதைக் கைவிட்டபின் வைக்கும் இடம் அரிது. பைதன் மொழித் திட்டம் 2017 இலேயே அதிலிருந்து கிற்றுக்குப் போய்விட்டது. புதியவர்களைச் சேர்க்க நினைத்தால் மாறுங்கள். ‘எச்ஜி ஃபாஸ்ற் எக்ஸ்போர்ற்’ போதும். ஒரே கிளையில் இரண்டு முனைகள் நின்றால் அது ஓட மறுக்கும். முதலில் மேர்ஜ் செய்துவிடுங்கள். எவற்றைப் பதியாமல் விடவேண்டும் என்று சொல்லும் புறக்கணிப்புக் கோப்பைப் பெயர் மாற்றி அப்படியே பாவிக்கமுடியாது. மேர்க்கூரியலில் அது இயல்பாக ரெகியூலர் எக்ஸ்பிரஷன், கிற்றில் நட்சத்திரக் குறி முறை.

கேள்வி: பெரிய களஞ்சியம். கைபேசி டேற்றாவில் குளோன் செய்யும்போது 70 வீதத்தில் அறுந்து மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.
— வாசகி, ஊர்காவற்றுறை

பதில்: அறுந்த குளோனைத் தொடரும் வசதி கிற்றில் இல்லை. ‘டெப்த் 1’ கொடுத்துக் கடைசி நிலையை மட்டும் எடுத்து, பிறகு ‘டீப்பன்’ தெரிவால் 500 கொமிற் வீதம் பின்னோக்கி எடுங்கள். அறுந்தாலும் அந்தத் துண்டு மட்டும்தான் வீண். நல்ல இணைப்புள்ள நண்பர் இருந்தால் இன்னும் சுலபம்: அவர் ‘கிற் பண்டில் கிரியேற்’ கட்டளையில் ‘ஓல்’ தெரிவு கொடுத்து முழுவதையும் ஒரே கோப்பாக்கிப் பென் றைவில் தரட்டும். அதிலிருந்து குளோன் செய்து, ‘ரிமோற் செற் யுஆர்எல்’ மூலம் உண்மையான முகவரியைக் கொடுத்தால், அதற்குப் பின் வந்தவை மட்டுமே இணையத்தால் வரும்.

கேள்வி: கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிற் 340, 256 என்று எண்களாகக் காட்டுகிறது. பழுதா?
— ஆசிரியர், மானிப்பாய்

பதில்: பழுதில்லை. ‘கோர் குவோற்பாத்’ அமைப்பை ‘ஃபோல்ஸ்’ ஆக்கினால் தமிழிலேயே காட்டும். கவனிக்கவேண்டியது வேறொன்று: ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றின் உயிர்க்குறியை யுனிகோட்டில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரு பாதியாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கிற்றுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். மாக் கணினி பாவிப்பவர் ‘கோர் பிரிகொம்போஸ் யுனிகோட்’ அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்கட்டும். எல்லாரும் ஒரே தட்டச்சு முறையைப் பாவிப்பது இன்னும் நல்லது.